அனுப்பாமல் விட்ட கடிதம்

லண்டனில் எங்கள் ஆட்களுக்கு அரச உதவிப் பணப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறவன் நான். அதற்குச் சம்பளம் வாங்கவில்லை. மரியாதை வாங்கினேன். கோயிலிலும் கலியாண வீட்டிலும் "அவரைக் கேளுங்கோ, எல்லாம் தெரியும்" என்று என்னைக் காட்டுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. என் பிழை அங்கேதான் வேர் விட்டது.

நான் கெடுத்த மனிதரை இங்கே அண்ணை என்றே சொல்கிறேன். வெயார்ஹவுசில் பெட்டி தூக்கித் தூக்கி முதுகெலும்பு தேய்ந்தவர். மனமும் உடைந்திருந்தது. இரவில் நித்திரை இல்லை. வேலை செய்யும் திறனை அளக்கும் மதிப்பீட்டில் 15 புள்ளிகள் வேண்டும். அவருக்குப் போதவில்லை. "வேலைக்குத் தகுதியானவர்" என்று முடிவு வந்தது. மறுபரிசீலனை கேட்டோம். மறுத்தார்கள். தீர்ப்பாயத்துக்கு அப்பீல் எழுதினேன். அதைச் சரியாகவே எழுதினேன்.

வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே அவர் கேட்டார்: "தம்பி, அப்ப ஜொப் சென்ரருக்குப் போகவேணுமோ?"

"அப்பீல் போட்டாச்சு அண்ணை. முடிவு வருமட்டும் போகத் தேவையில்லை. வீட்டிலை இருங்கோ."

ஒரு கணம்கூட யோசிக்காமல் சொன்னேன். அது பழைய விதி. 2008இல் வந்த ஈ.எஸ்.ஏ. என்ற இயலாமை உதவியில், அப்பீல் நடக்கும்போது குறைந்த விகிதத்தில் பணம் வரும். வேலை தேட வேண்டியதில்லை. 2013 அக்டோபரில் கட்டாய மறுபரிசீலனை வந்து அந்த வழியை இடையில் மறித்தது. அண்ணை வாங்கிய யூனிவர்சல் கிறெடிட் உதவியில் அந்தப் பாதுகாப்பே கிடையாது. அப்பீல் நிலுவையில் இருந்தாலும் வேலை தேடும் நிபந்தனைகள் தொடரும். ஜொப் சென்ரர் சந்திப்புக்குப் போயே ஆகவேண்டும். போயிருந்தால், உடல்நிலையைச் சொல்லி நிபந்தனைகளைக் குறைக்கும்படி கேட்டிருக்கலாம். இதையெல்லாம் நான் தேடிப் பார்த்திருக்க வேண்டும். "தெரியாது, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்ல வாய் வரவில்லை.

சந்திப்பு தவறியது. ஏன் வரவில்லை என்று அவருடைய இணையக் கணக்கில் ஆங்கிலத்தில் கேள்வி வந்தது. அவருக்கு அது விளங்கவில்லை. தம்பி சொன்னவர்தானே என்று இருந்துவிட்டார். சாங்ஷன், அதாவது உதவிப் பண வெட்டு, விழுந்தது. இந்த வகை வெட்டு, கேட்டதைச் செய்யும்வரை ஓடிக்கொண்டிருக்கும். முதல் தடவையென்றால் அதற்கு மேலும் 7 நாள். என்னை நம்பி அவர் வீட்டில் இருந்த ஒவ்வொரு நாளும் வெட்டு நீண்டது. கணவன் மனைவி இருவருக்குமான அடிப்படைத் தொகையில் அவருடைய பாதி போய்விட்டது.

அது மாரிகாலம். அவர்கள் வீட்டில் முன்கூட்டியே காசு ஏற்றி எரிக்கும் மீற்றர். அண்ணையின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், பின்னேரத்தில் கொஞ்ச நேரம் மட்டும் ஹீற்றர் போட்டார். குளிரில் அண்ணையின் முதுகு இறுகியது. கட்டிலை விட்டு எழும்ப மகன் கைகொடுக்க வேண்டியிருந்தது. பள்ளிச் சுற்றுலாவுக்குப் போக விருப்பமில்லை என்று அந்தப் பிள்ளை தானாகவே சொன்னான். உணவு வங்கிக்கு அண்ணை போகவில்லை. தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்ற வெட்கம். அக்காவின் காப்பு அடகுக்குப் போனது.

இதுவரை சொன்னது கர்வமும் கவனக்குறைவும். இனிச் சொல்வது கோழைத்தனம்.

சாங்ஷனை எதிர்க்க, வராததற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அவரிடம் காரணம் இருந்தது. அந்தக் காரணம் நான். "போகத் தேவையில்லை என்று நான்தான் இவரிடம் சொன்னேன்" என்று என் பெயரில் ஒரு கடிதம் போதும். ஏற்பார்களோ இல்லையோ, அது உண்மை. தட்டச்சு செய்தேன். கடைசியில் என் பெயரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் அழித்தேன். அன்று முதுகுவலியால் வர முடியவில்லை என்று அவர் சொல்வதுபோல எழுதினேன். அவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். தன் பெயரில் ஒரு பொய் போகிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த நாளுக்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. மறுத்துவிட்டார்கள். "அவங்களுக்கு இரக்கமில்லை அண்ணை" என்றேன். தலையாட்டினார்.

பிறகு தீர்ப்பாயத்தில் நீதிபதியும் மருத்துவரும் அவர் சொன்னதை முழுக்கக் கேட்டார்கள். வேலை தேடும் கடப்பாடே அவருக்கு இருந்திருக்கக் கூடாது என்று ஆனது. அந்தத் தீர்ப்பைக் காட்டி வேறோர் ஆலோசகர் சாங்ஷனையும் நீக்க வைத்தார். பணம் திரும்பி வந்தது. காப்பு வரவில்லை. மீட்கும் தவணை கடந்துவிட்டது.

இந்த நாட்டில் இயலாமை உதவி பற்றி விசாரணைவரை போகும் அப்பீல்களில் பாதிக்கு மேல் வெல்கின்றன. அரச முடிவுகளில் அவ்வளவு பிழை. அதைச் சொல்லி நான் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த முடிவை எழுதியவருக்கு அண்ணை யாரோ ஒருவர். நான் அவர் வீட்டில் தேத்தண்ணி குடித்தவன்.

பிழையான ஆலோசனை சொன்னதை அவரிடம் ஒத்துக்கொண்டேன். "விடு தம்பி, தெரியாமல் சொன்னதுதானே" என்றார். தெரிந்துகொண்டே அழித்த கடிதத்தைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. அவர் மன்னித்தது என் சிறிய பிழையை மட்டும். பெரியதை இங்கே எழுதிவிட்டேன். அண்ணைக்குத் தமிழ் நன்றாக வாசிக்க வரும். அச்சில் வருவதற்கு முன் இதை நானே அவர் கையில் கொடுப்பேன்.