கோயில் பொருளும் கம்பெனி பொருளும்



பாசிர் ரிஸ்ல இருந்து தொண்டூழியர் எழுதுறோம். வழக்கமா அன்னதான அறிவிப்புதான் போடுவோம். இன்னிக்கு வேலை இடத்துல நடந்த ஒரு விஷயம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

போன வருஷம் எங்க தொழிற்சாலையில கான்ட்ராக்ட் முடிஞ்சு ஒரு தம்பி ஊருக்குப் போயிட்டார். புதுக்கோட்டைப் பக்கம். ரெண்டு மாசம் கழிச்சு ஸ்டாக் எடுத்தப்ப, மெஷின் செட்டிங் பண்ற லேப்டாப்பைக் காணோம். அவர்கிட்ட கொடுத்தது நாங்கதான். நம்ம தம்பிதானேன்னு கையெழுத்து வாங்கலை. கேன்டீன்ல எல்லாரும் "எடுத்துட்டு ஓடிட்டான்"னு பேசினாங்க. நாங்களும் சேர்ந்து பேசினோம். வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாமான்னு ஆபீஸ்ல யோசிச்சாங்க. வேற நாட்டுல வழக்கு நடத்துற செலவுக்கு நாலு லேப்டாப் வாங்கிடலாம்.

கடைசியில நாங்களே வாட்ஸ்அப்ல, "தம்பி, நல்லா இருக்கீங்களா? லேப்டாப் உங்ககிட்ட இருக்கா?"ன்னு கேட்டோம். பத்து நிமிஷத்துல பதில். "இருக்குண்ணே. கடைசி நாள் ஸ்டோர் பூட்டியிருந்துச்சு. ஆபீசுக்கு ரெண்டு இமெயில் போட்டேன், பதிலே வரலை. யார் பேருக்கு அனுப்பணும்?" அந்த இமெயில், வேலையை விட்டுப் போன ஒருத்தர் பெட்டியில கிடந்துச்சு. கூரியர் காசை கம்பெனி கொடுத்துச்சு. துணி சுத்தி, சார்ஜரோட பத்திரமா வந்துச்சு. "என்னைத் தப்பா நினைச்சிருப்பீங்களேண்ணே"ன்னு கேட்டார். இல்லைன்னு பொய் சொன்னோம்.

இது கோயிலுக்கு எதுக்குன்னு கேட்பீங்க. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயில்ல நிஜமாவே திருடு போச்சு. அங்கிருந்த உமா பரமேசுவரி நம்ம சிங்கப்பூர் வரைக்கும் வந்தாங்க. 2007-ல ஆசிய நாகரிக அரும்பொருளகம் நியூயார்க் வியாபாரிகிட்ட 650,000 அமெரிக்க வெள்ளிக்கு வாங்கினது. விஷயம் தெரிஞ்சு 2015-ல இந்தியாவுக்கே திருப்பிக் கொடுத்தாங்க. அதே கோயில் நடராஜர் ஆஸ்திரேலியா போய் 2014-ல திரும்பினார். வியாபாரிகிட்ட பொய்க் காகிதம் இருந்துச்சு. ஊர் பக்கம் சாட்சி சொன்னது, சிலை கோயில்ல இருந்தப்பவே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க எடுத்து வெச்ச புகைப்படம். அன்னிக்கு அதை எடுக்கும்போது திருடு போகும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

பதிவு இருந்தா தொலைஞ்ச சாமியே வீடு திரும்பும். பதிவு இல்லைன்னா நல்ல மனுஷன் மேல பழி விழும்.

அதனால திருவிழாவுக்கு முன்னாடி நம்ம கோயில் குத்துவிளக்கு, குடை, பட்டு, அண்டா, மைக் எல்லாத்தையும் போட்டோ எடுத்து நோட்டுல ஏத்தப் போறோம். வர முடிஞ்சவங்க கைபேசியோட வாங்க. இனிமே எந்தப் பொருள் வாங்கினாலும் கையெழுத்து கேட்போம். சந்தேகப்படுறோம்னு கோவிச்சுக்காதீங்க. அந்தக் கையெழுத்து உங்களுக்கும் காவல்.

சிவாய நம.