இரண்டு கடிகார வீடு

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு சுவர்க் கடிகாரங்கள். ஒன்று விருதுநகருக்கு. மற்றது, 2011-ல் மகள் வாழ்க்கைப்பட்டுப் போன நியூ காசிலுக்கு. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்துச் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் 22 ஆயிரம் பேர்கூடத் தேறவில்லை.

வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதுல எது சார் சரி?" என்பார்கள். "ரெண்டும்தான்" என்றால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

"பொண்ணுக்கு அந்நிய ஊராவே தெரியாது. அதுவும் பட்டாசு ஊருதான்" என்றார் கல்யாணத் தரகர். தரகர் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம். இத்தாலியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோன வாணத் தொழில். 'அமெரிக்காவின் பட்டாசுத் தலைநகர்' என்று பட்டமே உண்டு. நமக்கு, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததில் ஆரம்பித்து, சிவகாசி 'குட்டி ஜப்பான்' ஆனது.

அங்கே வாணவேடிக்கை ஜூலை 4, சுதந்திர தினத்தன்று. அவர்களுக்கு ராத்திரி ஒன்பதரை என்றால் எனக்கு மறுநாள் காலை ஏழு. செல்போனில் வாணம் பார்த்தபடி காபி குடிப்பேன். இங்கே தீபாவளிக்கு விடிகாலை ஐந்து மணிக்கு எண்ணெய் தேய்த்தால், அவளுக்கு முந்தின நாள் ராத்திரி ஏழரை. பண்டிகை நவம்பரில் தள்ளி வந்தால் ஆறரை!

காரணம், மார்ச் இரண்டாம் ஞாயிறு அங்கே மணியை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஸ்டூலில் ஏறி முள்ளைத் திருப்புவது என் டியூட்டி.

"சூரியனையே ஏமாத்துறாங்களே!" என்றாள் சம்சாரம்.

"நாம மட்டும் என்னவாம்? நம்ம மணி, வடக்கே மிர்சாப்பூர்ப் பக்கத்துக் கணக்கு. விருதுநகர்ச் சூரியன் அதுக்குச் சுமார் 18 நிமிஷம் லேட்டு" என்றேன். அன்று காபியும் லேட்டு.

இங்கே காலையில் கிராமத்துப் பெண்களைப் பட்டாசு ஆலை பஸ் ஏற்றிப் போகும் நேரம், அங்கே மகள் ராத்திரிப் பாத்திரம் கழுவுவாள். அந்த பஸ்ஸில்தான் சம்சாரத்தின் ஒன்றுவிட்ட தங்கையும் போவாள். மகளை இடுப்பில் தூக்கி வளர்த்த சித்தி.

2012 செப்டம்பர் 5. மத்தியானம் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் போய்விட்டார்கள். சித்தி எந்த ஆலையில் என்பதே எங்களுக்கு மறந்துபோனது. போன் கிடைக்கவில்லை. இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்தேன். பின்னிரவு மூன்று.

"எழுப்பாதீங்க. பிள்ளை தூங்கட்டும்" என்றாள் சம்சாரம், அழுதுகொண்டே.

சாயங்காலம் நாலு மணிக்குச் சித்தி குரல் கேட்டது. வேறு ஆலை. அடுத்த அரை மணியில் மகளின் போன்.

"அப்பா... சித்தி?"

"பத்திரமா இருக்காம்மா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எப்பப்பா நடந்துச்சு?"

"மத்தியானம்."

"அப்ப நான் தூங்கிட்டு இருந்திருக்கேன்."

அந்த வாரமே அவள் கட்டில் பக்கத்திலும் இரண்டாவது கடிகாரம் வந்துவிட்டது. அதில் விருதுநகர் மணி.

போன வாரம் சம்சாரம் பதறினாள்: "ஏங்க, பிள்ளை ஊருல மணி நின்னுபோச்சு!"

ராத்திரி எட்டு மணிக்கே பேட்டரி வாங்கக் கிளம்பிவிட்டேன். போகிற வழியில் பொரிச்ச பரோட்டாக் கடை இருப்பதற்கு நான் பொறுப்பல்ல.