ரெபின்: முடிவுறாத முகம்

இலியா ரெபினின் 'எதிர்பாராத வருகை' ஓவியத்தின் முன் நிற்கையில் நம் கண்கள் எங்கே செல்கின்றன? சோவியத் உளவியலாளர் ஆல்ஃபிரெட் யார்பஸ் இந்தக் கேள்வியைச் சோதனைக்கூடத்துக்கே கொண்டுசென்றார். கண்ணசைவைப் பதிவுசெய்யும் கருவியைப் பொருத்தி இதே ஓவியத்தைப் பார்க்கவைத்தார். அந்த ஆய்வு 1960களில் நூலாக வெளிவந்தது. எதையும் கேட்காமல் விட்டபோது பார்வை முகங்களிடமே திரும்பத் திரும்பச் சென்றது. அக்குடும்பத்தின் வசதி எப்படி என்று கேட்டதும் அறைகலன்களிலும் ஆடைகளிலும் உலவியது.

தண்டனைக் காலம் கழித்துத் திரும்பிய அரசியல் கைதி ஒருவன், முன்னறிவிப்பின்றித் தன் வீட்டு அறைக்குள் நுழைகிறான். தாய் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். மனைவி பியானோவிலிருந்து திரும்புகிறாள். சிறுவனின் முகம் மலர்ந்துவிட்டது. சிறுமிக்கு இவன் யாரென்றே தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்ட பணிப்பெண்ணுக்கோ, இவனை உள்ளே விட்டது சரிதானா என்ற ஐயம். இத்தனை பேரும் அவன் முகத்தை நோக்க, அந்த ஒரு முகம்தான் ரெபினுக்கு வசப்படவில்லை. 1884இல் காட்சிக்கு வைத்து, திரெத்தியாகோவ் என்னும் மாஸ்கோ வணிகர் விலைகொடுத்து வாங்கிய பிறகும், 1888 வரை அதை மாற்றி மாற்றி வரைந்தார். உரிமையாளர் இல்லாத நேரத்தில் அவர் வீட்டுக்கே போய் முகத்தைத் திருத்திவிட்டு வந்தார் என்றும் சொல்வார்கள். வீரனாக வருவதா, குற்றவாளிபோல் கூனிக்குறுகி வருவதா? இன்று நாம் காணும் முகத்தில், தன்னை ஏற்றுக்கொள்வார்களா என்ற கேள்வி மட்டுமே இருக்கிறது.

எங்களில் பலருக்கு ரெபின் அறிமுகமானது மலிவு விலை சோவியத் வெளியீடுகளின் வழியாகத்தான். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்களைக் கிழித்துப் பாடநூல்களுக்கு அட்டை போட்ட தலைமுறை எங்களுடையது. அங்கே அவர் ஒடுக்கப்பட்டோரின் ஓவியர்; 'வோல்காவில் படகிழுப்போர்' அதற்குச் சான்று. பிழையான சித்திரம் அல்ல, மிகவும் குறுகலானது. அந்த ஓவியம் உருவான விதமே வேறொன்றைச் சொல்கிறது. நேவா ஆற்றங்கரையில், உல்லாசப் பயணம் வந்த சீமாட்டிகளுக்கு அருகே கந்தலாடையில் படகிழுப்போர் செல்வதை மாணவரான ரெபின் கண்டார். இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு முன்வரைவும் தீட்டினார். நண்பர் வசீலியெவ் அதைச் செயற்கையானது என்று ஒதுக்கினார். நம் மேடைகளில் இன்றும் கைத்தட்டல் வாங்கக்கூடிய முரண் அது! ரெபின் அதைக் கைவிட்டு 1870 கோடையில் வோல்காவுக்குப் போனார்.

அங்கே கானின் கிடைத்தார். முன்னாள் பாதிரியார், இப்போது மார்பில் வாரைப் பூட்டிப் படகிழுப்பவர். தலையில் துணி சுற்றிய அந்த முகத்தில் ஒரு தத்துவவாதியைக் கண்டு ரெபின் அவர் பின்னாலேயே அலைந்தார். 1873இல் முடிந்த ஓவியத்தில் பதினொரு பேர் நடக்கிறார்கள். ஒருவர்கூடத் தன் துயரத்தை நம்மிடம் முறையிடுவதில்லை என்று வியந்து எழுதியவர் தஸ்தயேவ்ஸ்கி. தொலைவில் சின்னஞ்சிறு நீராவிக் கப்பல் ஒன்றும் தெரிகிறது. இவர்களுடைய தொழிலுக்கு முடிவுகட்ட வந்தது.

1881 மார்ச்சில், ராணுவ மருத்துவமனையில் மரணத்தை நெருங்கிக்கொண்டிருந்த இசைமேதை முஸோர்க்ஸ்கியை நான்கே அமர்வுகளில் தீட்டினார். சிவந்த மூக்கு, கலைந்த தலை, குடியால் உப்பிய முகம். எதையும் மறைக்கவில்லை, ஆனால் அந்த வெளிர்நிறக் கண்களில் துளியும் இழிவில்லை. நம் மதிப்பில் ரெபினின் தலைசிறந்த உருவப்படம் இதுவே. இதை மட்டும் அவர் திருத்தத் திரும்பவில்லை. சில நாள்களில் முஸோர்க்ஸ்கி மறைந்தார்.

1885இல் வந்தது 'இவான் கொடுங்கோலனும் அவன் மகனும்'. மகனின் நெற்றிப்பொட்டிலிருந்து பெருகும் குருதியைக் கையால் அடைக்கப் பார்க்கும் தந்தை. ஜார் அதைக் காட்சிக்கு வைக்கவே சில மாதங்கள் தடைவிதித்தார். மகனின் முகத்துக்கு முன்மாதிரியாக அமர்ந்தவர் எழுத்தாளர் கார்ஷின். அழிவுக்கென்றே விதிக்கப்பட்ட ஏதோவொன்றை அம்முகத்தில் கண்டதாக ரெபின் பின்னாளில் எழுதினார். 1888இல் கார்ஷின் மாடிப்படிகளின் நடுவெளியில் குதித்து, சில நாள்களில் இறந்தார். வயது 33.

1913 ஜனவரியில் அப்ராம் பாலஷோவ் என்பவர் கத்தியால் அந்த ஓவியத்தைக் கிழித்தார். காட்சிக்கூடத்தின் காப்பாளர் ஹ்ருஸ்லொவ் ரயிலின் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். ரெபின் வந்தார். கிழிசலை ஒட்டுவதோடு நிற்க அவரால் முடியுமா? இவானின் தலையை ஊதாச் சாயலில் புதிதாகவே தீட்டிவிட்டுப் போய்விட்டார். அது முப்பதாண்டு கடந்த வேறொரு ரெபினின் கை. பொறுப்பிலிருந்த ஓவியர் கிராபர், ஈரம் காயுமுன் மண்ணெண்ணெயில் தோய்த்த பஞ்சால் அதைத் துடைத்தெடுத்து, காயத்தை நீர்வண்ணத்தால் நிரப்பினார். படைப்பாளியின் கையிலிருந்தே படைப்பைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கிராபர் செய்தது சரியே என்பது நம் எண்ணம். எனினும் நண்பர்களுடன் இதைப் பேசும்போதெல்லாம் சண்டைதான். 2018இல் இன்னொருவர் அதே ஓவியத்தை உலோகக் கம்பத்தால் தாக்கினார். அப்போது முகங்களும் கைகளும் தப்பின.

புரட்சிக்குப் பின் ரெபினின் வீடிருந்த குவொக்காலா பின்லாந்து எல்லைக்குள் போயிற்று. சோவியத் அரசு அழைத்தும் திரும்பிச் செல்லவில்லை. ஆயினும் சோசலிச யதார்த்தவாதம் அவரைத் தன் மூதாதையாக்கிக்கொண்டது. 1944இல் லெனின்கிராட் ஓவியக் கல்விக்கழகம் அவர் பெயரைப் பெற்றது. அவர் பிறந்த சுகூயிவ் இன்று உக்ரேனில். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2023இல் அவரை உக்ரேனியர் எனக் குறிப்பிட்டுப் பெயர்ப்பலகையைத் திருத்தியது. அங்கே தொங்குவதும் கார்ஷினின் முகம்தான்.

முதுமையில் வலக்கை செயலிழந்தது. வண்ணத்தட்டை இடுப்பு வாரில் கட்டிக்கொண்டு இடக்கையால் வரையப் பழகினார். நேவா கரையில் நிற்கும் புஷ்கினின் உருவத்தைப் பல ஆண்டுகளாக மாற்றி மாற்றித் தீட்டியும் நிறைவு கொள்ளவில்லை. 1930இல் குவொக்காலாவிலேயே காலமானார்.