கையெழுத்தில்லாத கடிதம்

முந்நூறு பிரதிகள் அச்சாகும் ஒரு சிறுபத்திரிகையில் பெயரில்லாத கடிதத்தைப் பிரசுரிக்கலாமா கூடாதா என்ற கேள்வி வெளியே இருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் ஒருவரையொருவர் அறிந்த முந்நூறு பேருக்கு நடுவில்தான் இந்தப் பிரச்னை கடுமையாகிறது. பெரிய ஊரில் பெயரை மறைப்பவர் கூட்டத்தில் கலந்துவிடலாம். நம் வட்டத்தில் பெயரை மறைப்பவருக்கோ, கலந்துபோகக் கூட்டமே இல்லை. அப்படியும் ஒருவர் மறைக்கிறார் என்றால் அதற்குக் காரணம் இருக்கவேண்டும்.

நான் கைகொடுக்கும் பத்திரிகையில் சென்ற இதழில், மூத்த கவிஞர் ஒருவரின் தொகுப்புக்கு நண்பர் மதிப்புரை எழுதியிருந்தார். பாராட்டுரை என்று சொல்வதே பொருந்தும். அதை மறுத்து நான்கு பக்கக் கடிதம் ஒன்று தபாலில் வந்தது. பெயரில்லை, முகவரியில்லை. முதல் மூன்று பக்கங்கள் கவிதைகளைப் பற்றி. ஒன்பது கவிதைகளைப் பக்க எண்ணோடு குறிப்பிட்டு, கவிஞர் ஒரே உத்தியைத் திரும்பத் திரும்பக் கையாள்கிறார் என்று காட்டியிருந்தது: எந்த அனுபவத்தில் தொடங்கினாலும் கடைசி வரியில் ஒரு பறவை பறந்துவிடுகிறது, கவிதை எட்டவேண்டிய இடத்தைப் பறவை எட்டிவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். நான்காம் பக்கம் கவிஞரைப் பற்றி. தம்மிடம் ஆய்வு செய்யும் மாணவர்களை அவர் நடத்தும் விதம் பற்றிச் சில செய்திகள். 'நானும் அவரிடம்தான் ஆய்வு செய்கிறேன், ஆகவே பெயர் எழுத இயலவில்லை' என்று முடிந்திருந்தது.

நண்பர்கள் கூடியபோது எழுந்த முதல் கேள்வி, 'யார் எழுதியிருப்பார்கள்?' கையெழுத்தின் சாய்வு, பேனாவின் நிறம், தபால் முத்திரையில் பாதி அழிந்த ஊர்ப் பெயர் என்று அரைமணி நேரம் துப்பறிந்தார்கள். கவிதைத் தொகுப்பு மேஜைமேலேயே கிடந்தது. ஒருவரும் புரட்டவில்லை. அன்றிரவு அந்த ஒன்பது கவிதைகளையும் எடுத்துப் படித்தேன். ஏழில் கடிதம் சொல்வது சரி. இரண்டில் அவசரப்பட்டிருக்கிறது, அவற்றில் பறவை முதல் வரியிலிருந்தே இருக்கிறது, அதற்கு வேலையும் இருக்கிறது. இந்த முடிவுக்கு வர எனக்குக் கடிதம் எழுதியவரின் பெயர் தேவைப்படவில்லை.

'பேங்கில் உட்கார்ந்துகொண்டு நீங்களே கையெழுத்து வேண்டாம் என்கலாமா சார்?' என்று ஒரு நண்பர் மடக்கினார். பேங்கில் இருப்பதால்தான் சொல்கிறேன். நகைக் கடனுக்கு ஒருவர் வளையலைக் கொண்டுவருகிறார். அதன் மாற்று என்ன என்பதை அப்ரைசர் கல்லில் உரைத்துப் பார்த்துச் சொல்கிறார். கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் கல்லுக்கு ஒன்றுதான். ஆனால் வளையல் யாருடையது என்பதைக் கல் சொல்லாது. அதற்கு மனிதர் வேண்டும். அவர் பெயரும் கையெழுத்தும் வேண்டும். ஒரே வளையலைப் பற்றிய இரண்டு கேள்விகள், இரண்டு வகை நிரூபணங்கள். விமர்சனத்திலும் இப்படித்தான். கவிதையைப் பற்றிய கூற்றுக்கு உரைகல் கவிதையே. அது வாசகர் கையில் இருக்கிறது. மனிதரைப் பற்றிய கூற்றுக்குச் சொல்பவரைத் தவிர வேறு ஆதாரமில்லை.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்குக் கீட்ஸின் கதை நினைவுக்கு வரும். 1818இல் வெளிவந்த அவருடைய 'எண்டிமியன்' காவியத்தை அந்த ஆண்டிலேயே இரண்டு பத்திரிகைகள் தாக்கின. 'குவார்ட்டர்லி ரிவ்யூ'வில் வந்தது பெயரில்லாத கட்டுரை, எழுதியவர் குரோக்கர். நான்கு காண்டங்களில் முதல் காண்டத்துக்கு மேல் படிக்க முடியவில்லை என்று அவரே அதில் சொல்லிவிடுகிறார். 'பிளாக்வுட்ஸ்' பத்திரிகையில் 'இஸட்' என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் நின்று எழுதியவர் லாக்ஹார்ட். அவர் கீட்ஸ் மருந்துக்கடைத் தொழில் பயின்றதைக் கேலி செய்து, அங்கேயே திரும்பிப் போகச் சொன்னார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது வழக்கம். எனக்கு அவை வேறு வேறு. குரோக்கரின் குறை அவர் கட்டுரையிலேயே தெரிகிறது. மீதி மூன்று காண்டங்களைப் படித்த எவரும் அவருக்குப் பதில் சொல்லலாம். இஸட்டுக்கு என்ன பதில் சொல்வது? ஏழைத் தொழில் பயின்றவன் என்பதை எந்தக் கவிதை வரியைக் காட்டி மறுப்பது?

பதில் சொல்ல வழியில்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கும் அந்தக் கதையிலேயே சான்று இருக்கிறது. 'லண்டன் மாகஸின்' ஆசிரியர் ஜான் ஸ்காட், பிளாக்வுட்ஸின் முகமூடிகளைக் கண்டித்து எழுதி, லாக்ஹார்ட்டின் பங்கை வெளிப்படையாகக் கேட்டார். தகராறு முற்றி, லாக்ஹார்ட்டின் நண்பர் கிறிஸ்டியோடு துப்பாக்கிச் சண்டையில் முடிந்தது. 1821 பிப்ரவரியில் ஸ்காட் குண்டுக் காயத்தால் இறந்தார். அதே மாதம் ரோமில் கீட்ஸ் இறந்தது காசநோயால். விமர்சனம் கீட்ஸைக் கொன்றதென்பது கட்டுக்கதை. அது உண்மையில் பலிவாங்கியது ஒரு பத்திரிகை ஆசிரியரை.

ஆனால் பெயரின்மையே பாவம் என்றும் சொல்ல முடியாது. 1902இல் தொடங்கிய 'டைம்ஸ் லிட்டரரி ஸப்ளிமெண்ட்' 1974 வரை மதிப்புரைகளைப் பெயரில்லாமலே வெளியிட்டது. வர்ஜீனியா வுல்ஃபும் எலியட்டும் அங்கே அப்படித்தான் எழுதினார்கள். நம்மிடமும் பசுவய்யாவின் கவிதையைப் படிக்க அவர்தான் சுந்தர ராமசாமி என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மயன் யார் என்று தெரியாமலே மயனைப் படிக்கலாம், க.நா.சு. என்று தெரிந்தபின் மாற்றிப் படிக்க வேண்டியதில்லை. நம் வட்டத்தின் நோய் பெயரின்மை அல்ல. பெயரைப் பார்த்த பிறகே படிப்பதா, எப்படிப் படிப்பது என்று தீர்மானிப்பதுதான் நோய்.

அலுவலகங்களில் இதற்கு 'மொட்டைக் கடுதாசி' என்று பெயர். ஒரு பிரமோஷன் பட்டியல் வெளியாகும் முன்பு எத்தனை வந்து சேரும் என்பது அரசு வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவற்றின்மேல் நடவடிக்கை வேண்டாம் என்று மத்திய விஜிலென்ஸ் கமிஷன் 1999இல் உத்தரவிட்டது. சரிபார்க்கக்கூடிய விவரம் இருந்தால் அனுமதி பெற்று விசாரிக்கலாம் என்று 2002இல் சற்றுத் தளர்த்தியது. 2014இல் மறுபடி கதவைச் சாத்தியது. நிர்வாகத்துக்கு எது நல்லதோ, விமர்சனத்துக்கு அந்த 2002ஆம் ஆண்டு வாக்கியம் போதும்: சரிபார்க்க முடியுமா?

எனவே என் அபிப்பிராயம் இது. முதல் மூன்று பக்கங்களைப் பெயரில்லாமலே பிரசுரிக்கவேண்டும். நான்காம் பக்கத்தைப் பிரசுரிக்கக்கூடாது. பெயரில்லாத கடிதம் என்றாலும் அச்சாகும்போது அதற்குப் பொறுப்பு ஏற்கும் பெயர் ஒன்று உண்டு. 1867ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இதழில் இருந்தாக வேண்டும். கவிதை பற்றிய பக்கங்களுக்கு எங்கள் ஆசிரியர் தாராளமாகப் பொறுப்பேற்கலாம்; புத்தகத்தைத் திறந்து காட்டினால் போதும். தாம் காணாத ஒன்றுக்கு அவர் எப்படிச் சாட்சி சொல்வார்?

இதில் எனக்கு நிம்மதியில்லை. இந்த ஏற்பாட்டில் அடிபடுவது கடிதத்தின் கனமான பகுதி. பறவை தப்பாகப் பறந்தால் நஷ்டம் ஒரு கவிதைக்கு. நான்காம் பக்கம் உண்மையென்றால் நஷ்டம் ஓர் ஆயுளுக்கு. பிரசுரிக்க முடியாது என்பதால் அது பொய்யாகிவிடாது. பெயர் போட முடியாத நிலையில் ஒருவர் வைக்கப்பட்டிருப்பதே ஒரு செய்தி; அதை நாங்கள் படித்தாகிவிட்டது. அந்தக் கவிஞரிடம் எனக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. நண்பர்களில் பலருக்கும் இல்லை. கையெழுத்துப் போட முடிகிற நாங்கள்தான் விசாரிக்கவேண்டும். விசாரித்து உண்மையென்று தெரிந்தால் எங்கள் பெயரில் எழுதவேண்டும். கடிதம் எழுதியவரைக் கண்டுபிடிப்பது அந்த விசாரணையில் சேராது.

மூன்று பக்கங்களும் அடுத்த இதழில் வரும் என்று நம்புகிறேன். பதில் எழுத விரும்புகிறவர்கள் பெயரோடு எழுதட்டும், பெயரில்லாமல் எழுதட்டும். தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு எழுதட்டும்.