தனித்து வைத்த குவளை

எங்கள் வீட்டுச் சமையலறை மாடத்தில் ஓர் எவர்சில்வர் குவளை எப்போதும் தனித்துக் கவிழ்ந்திருக்கும். அதில் வேறெவரும் நீர் அருந்துவதில்லை. அது என் சாச்சியின் குவளை.

ஆண்டு 1984. எனக்கு அப்போது 18 வயது. உம்மாவின் தங்கையான சாச்சி, மார்பில் கட்டியோடு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். நோயின் பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. "அந்த நோவு" என்பார் உம்மா. வாப்பா அதனையும் சொல்லாமல் பெருமூச்சு விடுவார். சாச்சியிடமும் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் உண்ட தட்டையும் குவளையையும் தனியே கழுவி வைப்பது என் பொறுப்பு. கழுவிய பின் என் கைகளைச் சோப்பிட்டு இருமுறை தேய்ப்பேன். ஒருநாள் திரும்பினேன், சாச்சி வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

கட்டியில் வலியில்லாததால் ஒன்றரை ஆண்டு அதை மறைத்து வைத்திருந்தார் அவர். ஆண் மருத்துவரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம் ஒருபுறம்; மகளின் நிக்காஹ் முடியட்டும் என்ற தாய்மனம் மறுபுறம். மறைத்தும் பயனில்லை. செய்தி கசிந்தது, பேசி முடித்த சம்பந்தம் சொல்லாமலே நின்றுபோனது. 1986 இல் சாச்சி வஃபாத்தானார்.

இந்த மௌனம் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 1961 இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மருத்துவர்களிடம் கேட்டபோது, புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாதிருப்பதே தம் வழக்கம் என்றனர் 90 விழுக்காட்டினர். 1979 இல் அதே கேள்வியை மருத்துவர்களிடம் கேட்டபோது, சொல்லிவிடுவதே தம் வழக்கம் என்றனர் 97 விழுக்காட்டினர். இடையே மருத்துவம் வளர்ந்தது. உண்மையை அறியும் உரிமை நோயாளிக்கு உண்டு என்ற எண்ணமும் வலுப்பெற்றது.

நம் சென்னையிலோ, உடன்பிறந்த தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இலேயே அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 12 படுக்கைகளே இருந்தன. 2021 இல் மறையும் வரை டாக்டர் சாந்தா அங்கேயே வாழ்ந்து ஏழை எளியோர்க்குப் பணியாற்றினார். மருத்துவமனை அருகிலேயே இருந்தது. அச்சமும் வெட்கமுமே எங்களைத் தொலைவில் வைத்தன.

2015 இல் என் மார்பிலும் ஒரு கட்டி தென்பட்டது. சாச்சியின் முகம் கண்முன் வந்தது. மூன்றாம் நாளே பெண் மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். "குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா?" என்று அவர் கேட்டார். "என் சாச்சிக்கு மார்பகப் புற்றுநோய்" என்று வாய்விட்டுச் சொன்னேன். 29 ஆண்டுகளுக்குப் பின் எங்கள் குடும்பத்தில் ஒருவர் அப்பெயரை முதன்முறையாக உச்சரித்தது அன்றுதான்.

அறுவை, மருந்தேற்றம், கதிர்வீச்சு எல்லாம் நடந்தன. முடி உதிர்ந்தது, பின்னர் முளைத்தது. ஐந்தாண்டுகள் நாள்தோறும் ஒரு மாத்திரை. இடையில் சமைத்தேன், பேரக்குழந்தையைத் தாலாட்டினேன், நோன்பு நோற்க முடியாத நாட்களுக்காக அழுதேன். புற்றுநோயோடும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்பதை வாழ்ந்தே கற்றுக்கொண்டேன்.

சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்து உறவினர் வீட்டுத் திருமணம். பெண்கள் பகுதியில் சஹன் வைத்தார்கள். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். சாச்சியின் மகள் வந்தாள். கையைப் பிடித்து இழுத்துத் தன் சஹனில் அமர்த்தினாள். ஒரே தட்டில் நால்வர் கையிட்டு உண்டோம். அவளுடைய தாயின் தட்டைத் தனியே கழுவிய கை என் கை என்பது அவளுக்குத் தெரியுமோ, தெரியாதோ! எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுவாரம் அவளை நானே பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். அல்ஹம்துலில்லாஹ், அவளுக்கு ஒன்றுமில்லை.

காலம் மாறியிருக்கிறது. ஆயினும் முழுதும் மாறிவிடவில்லை. "பெண் பார்க்க வருகிறார்கள், உங்கள் நோயைப் பற்றிப் பேச வேண்டாம்" என்று என் காதில் சொன்னவர்களும் உண்டு. மார்பகப் புற்றில் ஏறக்குறைய 5 முதல் 10 விழுக்காடே பரம்பரையாக வருவது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துரைக்கிறேன். இன்னும் சிலர், "நீங்கள் நோயை வென்ற வீராங்கனை" என்று புகழ்கிறார்கள். அன்பினால் சொல்கிறார்கள், ஆனால் மனம் ஒப்பவில்லை. நான் வென்றவள் என்றால் என் சாச்சி தோற்றவரா? அவர் தோற்கவில்லை. பேச இடமின்றி நாங்கள்தாம் அவரைத் தனித்து விட்டுவிட்டோம்.

சகோதரிகளே! இந்நோய் தொட்டால் தொற்றாது. உடன் உண்டால் பரவாது. வலியில்லாக் கட்டியை வலி வரும்வரை மறைக்காதீர்கள். நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட கடமை. சென்றால் இறந்தவர்களின் கதைகளைச் சொல்லாமல், அருகமர்ந்து அவரோடு ஒரு குவளைத் தேநீர் அருந்துங்கள்.

அந்த எவர்சில்வர் குவளை இன்று என் வீட்டில் இருக்கிறது. எல்லோரும் அதில்தான் நீர் அருந்துகிறோம்.