நான் படித்த மாதிரி நடித்த கதை



இந்த முறை சுவர் இதழுக்கு "என்னால் மறக்க முடியாத ஒருவர்" பற்றி எழுதச் சொன்னார் எங்கள் தமிழ் ஐயா. காமராசர், அப்துல் கலாம் பற்றியெல்லாம் மற்றவர்கள் நன்றாக எழுதிவிடுவார்கள். நான் எங்கள் தெரு அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கக் கூடாது. ஐந்தாம் வகுப்பில் எனக்கு வாசிக்கத் தெரியாது.

2020 மார்ச் மாதம் கொரோனாவால் பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஒரே ஒரு செல்போன். அதையும் அப்பா வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். கல்வித் தொலைக்காட்சியில் பாடம் நடத்தினார்கள். ஆனால் அந்த நேரத்தில் நான் ஆட்டுக்குட்டியோடு காட்டில் இருப்பேன். பரீட்சை எழுதாமலே எல்லாரும் பாஸ். 2021 நவம்பர் 1ஆம் தேதி பள்ளி திறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். 'க', 'ப' எல்லாம் தெரிந்தது. கொம்பு, கால், சுழி சேர்ந்து வந்தால் எல்லாம் ஒரே குழப்பம்.

வெட்கமாக இருந்தது. அதனால் ஒரு தந்திரம் செய்தேன். வகுப்பில் வரிசையாக வாசிக்கச் சொல்லும்போது, முன்னால் இருப்பவர்கள் வாசிப்பதைக் கூர்ந்து கேட்டு மனப்பாடம் செய்துகொள்வேன். என் முறை வந்ததும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்காததுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அப்போதுதான் "இல்லம் தேடிக் கல்வி" வந்தது. கொரோனாவால் விட்டுப்போன படிப்பைப் பிடிப்பதற்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கி வைத்தார்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணிக்குள், அவரவர் தெருவிலேயே வகுப்பு. சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தமிழ்நாடு முழுவதும் சொல்லிக்கொடுத்தார்கள். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. எங்கள் தெருவுக்கு வந்தவர் பி.ஏ. முடித்திருந்த அந்த அக்கா. ஊர் நாடக மேடைதான் எங்கள் வகுப்பறை.

முதல் நாள் அக்கா என் கையில் ஒரு சின்னக் கதைப் புத்தகம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஒப்பிக்க முன்னால் யாரும் வாசிக்கவில்லையே! படத்தில் காக்கா இருந்தது. நான் பாட்டி வடை சுட்ட கதையை அப்படியே சொல்லி முடித்தேன். அக்கா முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாக, "கதை நல்லா சொல்றே. ஆனா இது காக்கா கூடு கட்டுன கதைம்மா" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. அக்கா மற்றவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதுக்கிட்ட, "நாளைக்குக் கால் மணி நேரம் முன்னாடி வா, நீயும் நானும் மட்டும்" என்றார். வேறு யாரிடமும் சொல்லவே இல்லை.

அந்தக் கால் மணி நேரம்தான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் ஆட்டுக்குட்டிகளின் பெயர்களைத்தான் அக்கா முதலில் மேடைத் தரையில் சாக்பீஸால் எழுதினார். பிறகு சோப்பு உறை, பஸ் போர்டு, ரேஷன் கார்டு. தப்பாக வாசித்தால் திட்ட மாட்டார். "இன்னொரு வாட்டி பாரு" என்பார், அவ்வளவுதான். தன் 1000 ரூபாயிலிருந்தே சாக்பீஸும் நோட்டும் வாங்குவார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஒரு நாள் இதை என் அப்பாயியிடம் சொல்லி அழுதேன். அப்பாயி சிரித்தது. "பத்து வயசுல தெரியலன்னு அழுவுறியா? நான் இருபத்தஞ்சு வயசுலதாண்டி அ, ஆ படிச்சேன்" என்றது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டர். ஊர் ஊராகத் தொண்டர்கள் ராத்திரியில் பெரியவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டவும் பழகினார்கள். அப்பாயி அப்போது கல் உடைக்கிற வேலை. அதுவரைக்கும் கூலி நோட்டில் கைநாட்டுதான். எழுத்துப் படித்த பிறகு ஒரு வாரம் நோட்டில் 5 நாள் என்று எழுதியிருந்ததை அப்பாயியே பார்த்து, "நான் 6 நாள் வந்தேன்" என்று சொல்லி ஒரு நாள் கூலியைக் கேட்டு வாங்கியதாம். "அந்தக் கூலிய விட, நானே படிச்சேன் பாரு, அதான் பெருசு" என்று இன்றைக்கும் சொல்லும்.

அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு நான் வகுப்பில் முதல் ஆளாக எழுந்து வாசித்தேன். எனக்கு முன்னால் யாரும் வாசிக்கவில்லை. மெதுவாகத்தான் வாசித்தேன், இரண்டு இடத்தில் தடுமாறினேன். ஆனால் அது நானே வாசித்தது.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டார். நாடக மேடை சாயங்காலத்தில் காலியாகக் கிடந்தது. போன வருடம் பக்கத்து வீட்டுப் பையன் எனக்கு ஒரு பாடத்தை மூச்சு விடாமல் வாசித்துக் காட்டினான். அவன் கண்ணைப் பார்த்தேன். அது எழுத்தின் மேலேயே இல்லை! எனக்குத் தெரியாதா அந்தத் தந்திரம்? நான் ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு மேடைக்கு வாடா, நீயும் நானும் மட்டும்" என்றேன். இப்போது மூன்று பேர் வருகிறார்கள். எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன்.

இதைச் சுவரில் ஒட்டினால் எல்லாரும் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். படிக்கத் தெரியாமல் நடிப்பவர்கள் நம் பள்ளியிலும் இருக்கலாம். அவர்களுக்கு இதை வாசிப்பது கஷ்டம். அதனால் இதை வாசிக்கிற நீங்கள் பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கைக்கு வாசித்துக் காட்டுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு நான் நாடக மேடையில் இருப்பேன். யாரிடமும் சொல்ல மாட்டேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி