வாங்காமல் வந்த பணிக்கொடை

2020 ஆம் ஆண்டு, கொரோனாக் காலத்து ஆட்குறைப்பில் ரியாதிலிருந்து அனுப்பப்பட்ட என் மைத்துனர், இரண்டு பெட்டிகளோடு கோட்டக்குப்பம் வந்து சேர்ந்தார். பதினொரு ஆண்டு உழைப்புக்கான பணிக்கொடை வரவில்லை. "பிறகு அனுப்புகிறோம்" என்ற நிறுவனம், பின்னர் தொலைபேசியையே எடுக்கவில்லை.

"ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ், விட்டுவிடுங்கள் தம்பி" என்றனர் ஊர்ப் பெரியவர்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆயினும் பொறுமை வேறு, உரிமையைக் கைவிடுவது வேறு. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடாதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. குகையில் சிக்கிய மூவரின் வரலாற்றிலும், கூலி பெறாமல் போனவரின் பங்கைப் பெருக்கி வைத்திருந்த முதலாளி, மந்தையையே அவரிடம் ஒப்படைத்தார். முதலாளியின் நேர்மையைப் பயானில் கேட்கிறோம். அந்தத் தொழிலாளி பல காலம் கழித்தும் திரும்பி வந்து தம் கூலியைக் கேட்டார் என்பதை ஏனோ கடந்துவிடுகிறோம்.

சவூதித் தொழிலாளர் சட்டத்தின் 84 ஆவது பிரிவு தெளிவானது. முதல் ஐந்தாண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாத ஊதியம். அதன்பின் ஆண்டுக்கு ஒரு மாதம். கடைசியாக வாங்கிய ஊதியமே கணக்கு. மைத்துனரின் 1,800 ரியாலுக்கு முதல் ஐந்தாண்டுக்கு 4,500, அடுத்த ஆறாண்டுக்கு 10,800. ஆக 15,300 ரியால். புறப்படும் நாளில் அவரிடம் ராஜினாமா என்று எழுதி வாங்கியிருந்தார்கள். அதனால் பயனில்லை: பத்தாண்டு கடந்தவர் தாமே விலகினாலும் முழுத் தொகை உண்டு.

நெருக்கியது காலம்தான். வேலை முடிந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முறையீடு செய்யவேண்டும். ஆறு மாதம் கழிந்திருந்தது. ஒப்பந்தம், இகாமா நகல், ஊதியம் ஏறிய வங்கிக் கணக்குத் தாள்கள் ஆகியவற்றைத் திரட்டி, அங்கிருந்த நண்பர் ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பினோம். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282 ஆவது வசனத்தை ஓதிப் பழகிய நம்மிடம், பத்தாண்டு வேலைக்கு ஒரு தாளும் இல்லாதிருப்பது வேடிக்கைதான். இவரிடம் இருந்தது, என் அக்காவின் புண்ணியம்.

வழக்குமன்றத்துக்கு முன் சமரச அமர்வு உண்டு. முதல் அமர்வுக்கு நிறுவனத்தார் வரவில்லை. இரண்டாவதில் பாதித் தொகை தருவதாகச் சொன்னார்கள், மைத்துனர் மறுத்தார். மூன்றாவதில் 15,300 ரியாலையும் இரு தவணைகளாகத் தர ஒப்பி எழுதிக் கொடுத்தார்கள்.

இப்போது இஷாவுக்குப் பின் யாரேனும் ஒருவர் தம் தாள்களோடு மைத்துனரைத் தேடி வருகிறார். அவர் முதலில் கேட்பது, வேலை முடிந்த தேதியை.